ஒரு நாள் பட்டினி கிடந்தால் பாவம் போய்விடுமா? யோம் கிப்பூர் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: 27 செப்டம்பர் 2025

வர்ற அக்டோபர் 2-ம் தேதி காந்தி ஜெயந்தி, விஜயதசமி, யூதர்களோட பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் மூணும் ஒரே நாள்ல வருது. காலண்டர்ல பார்த்ததும் தோணிச்சு. வருஷம் பூரா என்ன வேணும்னாலும் பண்ணலாம், ஒரே ஒரு நாள் தண்ணிகூடக் குடிக்காம மார்ல அடிச்சுக்கிட்டா கணக்கு நேராயிடும். அதுதானே இந்தப் பண்டிகை? நம்ம ஏகாதசிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? தெரிஞ்சவங்க மறுத்துச் சொல்லுங்க பார்ப்போம்.

27 செப்டம்பர், இரவு 10.40

தண்ணி குடிக்கக் கூடாது, மார்ல அடிச்சுக்கணும், ரெண்டும் உண்மை. கணக்கு நேராயிடும்ங்கிறதுதான் இல்ல.

நான் எருசலேமுக்கு மேற்கே ஒரு மோஷாவில், அதாவது கூட்டுறவுக் கிராமத்துல, வயசான ஒரு அம்மாவைப் பார்த்துக்கிற வேலையில இருந்தேன். கொச்சிக்கார யூதப் பாட்டி. 1950-கள்ல கொச்சியிலிருந்து கூட்டங்கூட்டமா இஸ்ரேலுக்குப் போனாங்களே, அந்தக் கூட்டம். எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம், மலையாளம் வரும். அதனாலதான் அந்த வீட்ல என்னை எடுத்தாங்க.

மிஷ்னான்னு ஒரு சட்டத் தொகுப்பு இருக்கு, கி.பி. 200 வாக்கில் தொகுத்தது. அதுல இந்த நாளுக்குன்னே யோமான்னு ஒரு பகுதி. அதோட கடைசி அத்தியாயம் பட்டவர்த்தனமா சொல்லுது: மனுஷன் கடவுளுக்குச் செஞ்ச குத்தத்தை இந்த நாள் தீர்க்கும். மனுஷன் மனுஷனுக்குச் செஞ்சதை, அந்த ஆளைச் சமாதானப்படுத்துற வரைக்கும் தீர்க்காது. அதே இடத்துல இன்னொண்ணும் இருக்கு. "பாவம் பண்றேன், யோம் கிப்பூர் தீர்த்துடும்" னு சொல்றவனுக்கு யோம் கிப்பூர் எதையும் தீர்க்காதாம். நீங்க கேட்ட கேள்விய ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே எவனோ கேட்டுட்டான்.

28 செப்டம்பர், காலை 6.15

நேத்து தூக்கக் கலக்கத்துல நடைமுறைய சொல்லாம விட்டேன்.

யூதக் காலண்டர்ல திஷ்ரி மாசம் பத்தாம் நாள். முந்தின நாள் சூரியன் மறையுறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சு, மறுநாள் நட்சத்திரம் தெரியுற வரைக்கும், சுமார் 25 மணி நேரம். விலக்கு அஞ்சு: சாப்பாடும் தண்ணியும் சேர்த்து ஒண்ணு, குளிக்கிறது, எண்ணெய் பூசுறது, தோல் செருப்பு போடுறது, தாம்பத்தியம். காலையில விரல் மட்டும் நனைச்சுக்கலாம். அவங்க வாராவாரம் வைக்கிற சனிக்கிழமை ஓய்வுநாளுக்கு உள்ள தடை எல்லாம் இதுக்கும் உண்டு, அதனால விளக்கு சுவிட்ச்சையும் தொடமாட்டாங்க.

தோல் செருப்பு கூடாதுன்னா என்ன போடுவாங்கன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். துணி ஷூ, ரப்பர் செருப்பு. இப்போ பாதிப் பேர் காலில் குரோக்ஸ்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் துண்டு, கீழே பச்சை குரோக்ஸ். பார்க்கச் சிரிப்பா இருக்கும், ஆனா அங்க யாரும் சிரிக்கமாட்டாங்க. பாட்டிக்கு இது ஒரு விஷயமே இல்ல. கொச்சியில ஜெப ஆலயத்துக்குள்ள வருஷம் பூரா செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலோடதான் போவாங்களாம். மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்துக்குப் (1568-ல் கட்டினது) போனவங்களுக்குத் தெரியும், இப்பவும் வாசல்லயே கழட்டச் சொல்வாங்க.

28 செப்டம்பர், மதியம்

ஏகாதசியோட ஒப்பிடுறவங்களுக்கு: இங்க முந்தின நாள் வயிறார சாப்பிடுறதும் கடமைதான். ஒன்பதாம் நாள் சாப்பிடுறவன் ஒன்பதும் பத்தும் ரெண்டு நாளும் விரதம் இருந்ததுக்குச் சமம்னு தல்மூத்ல, அதாவது மிஷ்னாவை விளக்கி விவாதிக்கிற பெரிய தொகுப்புல, இருக்கு. மதியமே பாட்டி என்னைத் துரத்த ஆரம்பிச்சிடுவாங்க, "கழிக்கு மோளே, கழிக்கு" (சாப்பிடு மகளே, சாப்பிடு). நான் விரதம் இல்லைன்னு சொன்னாலும் காதுல விழாது.

29 செப்டம்பர், இரவு 9.20

இந்த இழையில எல்லாரும் பட்டினியையே பேசுறீங்க. அங்க நான் பார்த்த வரைக்கும் பட்டினி சுலபமான பாகம். அதுக்கு முந்தின பத்து நாள்தான் கஷ்டம். புது வருஷத்துல இருந்து யோம் கிப்பூர் வரைக்கும் உள்ள நாள்கள்ல, யாரைப் புண்படுத்தினமோ அவங்களைத் தேடிப்போய் மன்னிப்புக் கேக்கணும்.

பாட்டிக்கு ஒரு தங்கச்சி, வடக்கே வேற ஊர்ல. பேச்சுவார்த்தை இல்ல. காரணம் சொத்து இல்ல, நகை இல்ல. ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்ட விதம் சரியில்லை, பாட்டி நேர்ல வராம மகன்கிட்ட பத்திரிகையக் கொடுத்து அனுப்பிட்டாங்க, அவ்வளவுதான். கண்டம் விட்டுக் கண்டம் போனாலும் இந்த வியாதி நம்ம ஆளுங்களை விடாதுன்னு அப்போ நினைச்சேன்.

யூதச் சட்டம் என்ன சொல்லுதுன்னா, மன்னிப்பு மூணு தடவை கேக்கணும். மூணுக்கும் அவங்க மசியலைன்னா உன் கடமை முடிஞ்சது. ஆள் செத்துப் போயிருந்தா, பத்துப் பேரைக் கூட்டிட்டு கல்லறைக்குப் போய் அவங்க முன்னாடி "இவருக்கு நான் தப்பு செஞ்சேன்" னு சொல்லணும். இதெல்லாம் நானே பாட்டியோட பேரன்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. அந்தப் பையன் சட்டம் படிக்கிறவன், வாதம் பண்ணாம எதையும் சொல்லமாட்டான். மன்னிக்கிறவனுக்கும் கடமை இருக்குன்னு சொன்னான். கல்நெஞ்சா இருந்தா அது அவன் பாவமாம்.

தல்மூத்ல ராவ் னு ஒரு ஞானி. அவருக்குத் தப்பு செஞ்சவன் ஒரு கசாப்புக்காரன். யோம் கிப்பூருக்கு முந்தின நாள் அவன் வருவான்னு பார்த்தார், வரலை. சரி நானே போறேன்னு கிளம்பிட்டார், அவனுக்கு மன்னிப்புக் கேக்க வாய்ப்பு கொடுக்க. வழியில பார்த்த சீடர் "இவர் ஒரு ஆளைக் கொல்லப் போறார்" னு சொன்னார். கடைக்குப் போனா அவன் ஆட்டுத்தலையை வெட்டிட்டு இருந்தான். "நீயா? போ, உனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல" ன்னுட்டான். வெட்டுல ஒரு எலும்புத் துண்டு தெறிச்சு தொண்டையில பாய்ஞ்சு செத்தான்.

இதைப் படிச்சிட்டு எல்லாரும் கசாப்புக்காரனைத் திட்டுவாங்க. எனக்கு அந்தச் சீடர் சொன்னதுலதான் கண்ணு. ராவ் போனது நல்லதுக்கா? பெரிய மனுஷன் கடை வாசல்ல வந்து நின்னா எதிராளிக்கு அது மன்னிப்பா தெரியுமா, மிரட்டலா தெரியுமா? பேரன்கிட்ட கேட்டேன். அதைப் பத்தியும் சண்டை போட்டிருக்காங்கன்னான்.

30 செப்டம்பர், காலை

"அக்கா, வாட்ஸ்அப்ல மன்னிப்பு கேட்டா செல்லுமா?" நல்லா கேட்டீங்க தம்பி. அந்த வாரம் முழுக்க அங்க அதுதான் வரும். "இந்த வருஷம் தெரிஞ்சோ தெரியாமலோ உங்களைப் புண்படுத்தியிருந்தா மன்னிக்கவும்", கூடவே ஒரு மாதுளம்பழப் படம். நூறு பேருக்கு ஒரே தட்டு. பிளம்பருக்கும் போகும், மாமியாருக்கும் போகும். என்னத்த சொல்ல, வேஸ்ட்.

30 செப்டம்பர், இரவு 11.05

மேலே ஒருத்தர் யூடியூப் வீடியோ சுட்டி போட்டு, "கொல் நித்ரே சொல்லிட்டா வருஷம் பூரா யாருக்குக் கொடுத்த வாக்கையும் மீறலாம், அதான் அவங்க ரகசியம்" னு எழுதியிருக்கார். இது பழைய புளுகு. ஐரோப்பாவுல நூற்றாண்டுக் கணக்கா யூதர்களைக் கோர்ட்ல நம்பக் கூடாதுன்னு சொல்றதுக்கு இதைத்தான் காட்டினாங்க. அவங்களுக்குன்னு தனியா அவமானமான ஒரு சத்தியப் பிரமாண முறையே வெச்சிருந்தாங்க.

கொல் நித்ரே யோம் கிப்பூர் தொடங்குற சாயங்காலம் மூணு தடவை பாடுறது. எபிரேயம் இல்ல, அரமேயம். அது தீர்க்கிறது, ஒருத்தர் தனக்கும் கடவுளுக்கும் நடுவுல செஞ்சுக்கிட்ட நேர்ச்சைகளை மட்டும். "இந்த நோய் தீர்ந்தா இனிமே இறைச்சி தொடமாட்டேன்" அந்த மாதிரி. கடன் பத்திரமோ, சாட்சியோ, அடுத்தவருக்குக் கொடுத்த வாக்கோ இதுல வராது. இன்னொண்ணு, இதை முதல்ல எதிர்த்ததே அவங்க மதகுருக்களான ரபிகள்தான். ஒன்பதாம் நூற்றாண்டுலயே பாபிலோன் ரபிகள் இது தேவையில்லாத வழக்கம்னு சொல்லியிருக்காங்க. 19-ம் நூற்றாண்டுல ஜெர்மனியில சில சீர்திருத்தச் சபைகள் எடுத்தே போட்டாங்க. மக்கள் விடலை. அந்த ராகத்தை ஒரு தடவை கேட்டீங்கன்னா ஏன்னு புரியும். வார்த்தை வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும், கேக்கிறவங்க கண்ணுல தண்ணி நிக்கும்.

வீடியோ போட்டவர் பதில் எழுதினா ஆதாரத்தோட எழுதட்டும்.

1 அக்டோபர், காலை

இன்னைக்கு ஆயுத பூஜை, சாயங்காலம் அவங்களுக்கு கொல் நித்ரே. ஏன் இப்படிச் சேர்ந்து வருதுன்னு கேள்வி போட்டவருக்கு: அதிசயம் ஒண்ணும் இல்ல. திஷ்ரி பத்தும் அமாவாசையில இருந்து பத்தாம் நாள்தான், விஜயதசமியும் வளர்பிறை தசமிதான். ரெண்டு காலண்டரும் சந்திரனைப் பார்த்து ஓடி, சூரியனோட சேர்றதுக்கு அப்பப்போ ஒரு மாசத்தைக் கூட்டுது. கூட்டுற வருஷம் மட்டும் வேற வேற. அதனால 2022, 2024, 2025 மூணும் ஒரே நாள். 2023-ல் யோம் கிப்பூர் செப்டம்பர் 25, விஜயதசமி அக்டோபர் 24. அடுத்த வருஷமும் ஒரு மாசம் தள்ளித்தான். யோம் கிப்பூர் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு வராதபடி அவங்க ஒரு விதி வெச்சிருக்காங்க, அதனால சில வருஷம் ஒரு நாள் முன்ன பின்ன ஆகும்.

முஹர்ரம் பத்தாம் நாள் ஆஷூரா நோன்புக்கும் இதுக்கும் தொடர்பு உண்டுன்னு காயல்பட்டினத்து அண்ணன் எழுதின விஷயம் சரி. மதீனாவுல யூதர்கள் ஆஷூரா நோன்பு வெச்சதை நபிகள் பார்த்ததா ஹதீஸ் இருக்கு. அதுல மூஸா காப்பாத்தப்பட்ட நாள்னு காரணம் வரும், யோம் கிப்பூருக்கு அந்தக் காரணம் கிடையாது. ஆனா பத்தாம் தேதி நோன்புங்கிறதால ஆராய்ச்சிக்காரங்க ரெண்டையும் முடிச்சுப் போடுறாங்க. இஸ்லாமியக் காலண்டர் மாசம் கூட்டாததால அது எல்லாப் பருவத்துலயும் சுத்தி வருது.

1 அக்டோபர், மாலை

கோழியைத் தலையைச் சுத்துறாங்களாமேன்னு கேட்டவருக்கு: ஆமா, கப்பரோத். எருசலேம் சந்தையில பார்த்திருக்கேன். கோழியை மூணு தடவை தலையைச் சுத்தி, அறுத்து ஏழைக்குக் கொடுக்கிறது. நம்ம திருஷ்டி கழிக்கிறதைப் பார்த்தவளுக்கு அதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. 16-ம் நூற்றாண்டுல சட்டத் தொகுப்பு எழுதின யோசேப்பு காரோ இதை நிறுத்தணும்னு எழுதினார். போலந்துப் பக்கத்து ரபி மோசே இஸ்ஸர்லெஸ் இல்ல இருக்கட்டும்னார். பலர் இப்போ கோழிக்குப் பதிலா காசைச் சுத்தி தானம் பண்றாங்க. பாட்டி வீட்ல காசுதான். கோழி குழம்புக்கு.

2 அக்டோபர், பகல் 1.30

இன்னைக்கு அங்க ஊர் அடங்கியிருக்கும். நான் சொல்ல வந்ததை இப்போ சொல்லிடுறேன்.

பாட்டிக்கு சுகர், இன்சுலின், கூடவே கிட்னி. டாக்டர் விரதம் கூடாதுன்னுட்டார். பாட்டி கேக்கலை. சின்ன வயசுல இருந்து ஒரு வருஷமும் விட்டதில்லையாம். கர்ப்பமா இருந்தப்போகூட இருந்தேன், கப்பல்ல வந்தவங்களும் இருந்தாங்கன்னு பட்டியல் போட்டாங்க. மகன் கத்தினார், மருமகள் அழுதாங்க. கடைசியில ரபியைக் கூப்பிட்டாங்க.

நான் நினைச்சது, சாமியார்னா விரதத்தைத்தான் விடாதேன்னு சொல்வார்னு. அவர் உக்காந்தார். டாக்டர் சீட்டைப் படிச்சார். எங்கிட்ட ராத்திரி சுகர் எவ்வளவுக்கு இறங்கும்னு கேட்டார், நான் எழுதி வெச்ச நோட்டைக் காட்டினேன். அப்புறம் பாட்டியைப் பார்த்து, உங்களுக்கு இந்த வருஷம் கட்டளை சாப்பிடுறது, சாப்பிடலைன்னா அதுதான் பாவம், அப்படின்னார். உயிரைக் காப்பாத்துறது ஓய்வுநாளையும் தள்ளி வைக்கும்ங்கிறது அவங்க சட்டத்துல அடிப்படை. மிஷ்னாவுல அதே யோமாவுல இருக்கு: நோயாளிக்கு வைத்தியர் சொல்படி கொடு, வைத்தியர் இல்லைன்னா நோயாளி போதும்னு சொல்ற வரைக்கும் கொடு. தல்மூத் இன்னும் ஒரு படி மேல போகுது: வைத்தியர் வேண்டாம்னு சொல்லி நோயாளி எனக்கு வேணும்னு சொன்னா நோயாளி பேச்சுதான் நிக்கும். அவனவன் மனசின் கசப்பு அவனவனுக்குத்தான் தெரியும்னு நீதிமொழிகள் வசனத்தை அதுக்கு ஆதாரம் காட்டுவாங்க. இது உங்க ஊர் ஆஸ்பத்திரியில நடக்குமா சொல்லுங்க.

ஆனா பாட்டிக்குப் பசிக்கலை. சட்டம் பசிச்சவனுக்குக் கொடுன்னு வாசலைத் திறந்து வெச்சிருக்கு, பசிக்காதவளை எப்படி உள்ள தள்றது?

ரபி ஒரு வழி சொன்னார். ஒரேயடியா சாப்பிட்டாதான் விரதம் முறியும், கொஞ்சம் கொஞ்சமா இடைவெளி விட்டுக் கொடுத்தா முழுசா முறிஞ்சதா ஆகாது. சாப்பாடு 30 மில்லி அளவு, ஒன்பது நிமிஷம் இடைவெளி, மறுபடி 30. தண்ணிக்கு அளவு ஆளுக்கு ஆள் மாறும். முந்தின நாளே பாட்டி வாய் நிறையத் தண்ணி ஊத்திக்கிட்டு கிளாஸ்ல துப்பி, நான் அளந்து, அதுக்குக் கம்மியா எவ்வளவுன்னு மருந்து மூடியில பேனாவால கோடு போட்டேன். பாட்டிக்கு அதுல ஒரே வெக்கம். "எந்தா இது, குட்டிகளே போலே" (என்ன இது, சின்னப் பிள்ளைங்க மாதிரி) ன்னாங்க.

மறுநாள் பூரா அதுதான் என் வேலை. இருமல் மருந்து மூடி, கஞ்சி, கடிகாரம். ஒரு மூடி கஞ்சி, காத்திரு, ஒரு மூடி. ஜன்னல் திரையை இழுத்து விடச் சொன்னாங்க, பக்கத்து வீட்டுக்காரி பார்த்துடுவான்னு. முதல் மூடியை வாய்கிட்ட கொண்டு போனப்போ உதட்டை இறுக்கிக்கிட்டாங்க. மகன் ஜெப ஆலயத்துல. வீட்ல நானும் அவங்களும்தான். நான் கிறிஸ்தவள், லெந்து நாள்ல, அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல, ஒரு வேளை விட்டதே பெருசுன்னு நினைக்கிறவள், நான் போய் ஒரு யூதப் பாட்டிக்கு யோம் கிப்பூர் அன்னைக்குச் சாப்பிடுன்னு புத்தி சொல்றேன். கொஞ்ச நேரம் எனக்கே என்ன வேலை இதுன்னு இருந்துச்சு. அப்புறம் சாப்பாட்டுக்கு முன்னாடி அவங்க சொல்ற ஆசீர்வாதத்தை ஞாபகப்படுத்தினேன். அதைச் சொன்னாங்க. வாயைத் திறந்தாங்க.

மதியத்துக்கு மேல பழகிடுச்சு. நேரம் ஆச்சான்னு அவங்களே கேட்டாங்க. பாவ அறிக்கை ஜெபம் படிக்கச் சொன்னாங்க, எனக்கு எபிரேய எழுத்து தடுமாறும், அவங்களே மனப்பாடமா சொன்னாங்க. அது அகர வரிசையில போகும், எழுத்துக்கு ஒரு குத்தம், ஒவ்வொண்ணுக்கும் மார்ல ஒரு தட்டு. எல்லாமே "நாங்கள்" தான், நான்னு வராது. "நாங்கள் களவு செய்தோம்" னு ஒரு வரி வரும். நீங்க எங்க பாட்டி களவு செஞ்சீங்கன்னு கேட்டேன். "ஞானல்ல, அப்புறத்தவள்" (நானில்ல, பக்கத்து வீட்டுக்காரி) னு திரைப்பக்கம் கையக் காட்டிட்டுச் சிரிச்சாங்க. அன்னைக்கு அவங்க சிரிச்சது அப்போதான்.

பட்டினி கிடந்தா பாவம் போகுமான்னு கேட்டீங்களே. பட்டினி கிடக்க விடாதது அவங்களுக்கு எவ்வளவு பெரிய தண்டனையா இருந்துச்சுன்னு பார்த்தவ நான். சட்டம் சாப்பிடுன்னு சொல்லிடலாம், எழுபது வருஷப் பழக்கம் ஒத்துக்காது.

2 அக்டோபர், இரவு 10.15

சாயங்காலம் செய்தி பார்த்தேன். மான்செஸ்டர்ல ஜெப ஆலயத்து வாசல்ல இன்னைக்குக் காலையில தாக்குதல், ரெண்டு பேர் செத்துட்டாங்க. 2019-ல ஜெர்மனியில ஹாலே நகரத்துலயும் இதே நாள்தான் ஒருத்தன் துப்பாக்கியோட வந்தான். கதவு உறுதியா இருந்ததால உள்ள நுழைய முடியலை, வெளியில ரெண்டு பேரைக் கொன்னான். எல்லாரும் ஒரே இடத்துல இருப்பாங்கன்னு தெரிஞ்சே வர்றாங்க.

இதுக்குக் கீழே "காசாவுல என்ன நடக்குது, இவங்க என்ன மனந்திரும்புறாங்க" னு ஒருத்தர் கேட்டிருக்கார். மான்செஸ்டர்ல தொழுகைக்குப் போனவங்களை அதுக்குப் பதில் சொல்லச் சொல்றது எனக்கு ஒப்பலை. கேள்வியைத் தள்ளவும் மனசு வரலை. யோம் கிப்பூர் காலையில எல்லா ஜெப ஆலயத்துலயும் ஏசாயா 58 வாசிக்கணும். அதுல கடவுள் விரதம் இருக்கிறவங்களையே திட்டுறார்: நீங்க சண்டைக்கும் வழக்குக்கும் கையால குத்துறதுக்கும்தான் விரதம் இருக்கீங்க, இதையா நான் கேட்டேன், பசிச்சவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்து கொடு, கட்டினவனை அவிழ்த்து விடுன்னு. இந்த அதிகாரத்தைக் காட்டியே தங்க அரசாங்கத்தை எதிர்க்கிற யூதர்கள் உண்டு. அதைக் காதுல வாங்காம வாசிச்சுட்டுப் போறவங்களும் உண்டு. கேட்டவர் கோபத்துல நியாயம் இருக்கு, அந்த வாசிப்பும் அதே கோபம்தான்.

இதுக்கு மேல அரசியலுக்குத் தனி இழை போடுங்க.

3 அக்டோபர்

விடுமுறை முடிஞ்சு எல்லாரும் வந்துட்டீங்க போல, கேள்வி குவியுது. சுருக்கமா.

யோம் கிப்பூர் அன்னைக்கு இஸ்ரேல்ல வண்டி ஓட்டினா போலீஸ் பிடிக்குமா? வண்டி ஓட்டக் கூடாதுன்னு சட்டம் இல்ல. ஆனா யாரும் ஓட்டமாட்டாங்க. விமான நிலையம் மூடும், பஸ் ரயில் நிக்கும், டிவி ரேடியோ மௌனம். ஆம்புலன்ஸ் மட்டும். பெரிய நெடுஞ்சாலையில பிள்ளைங்க சைக்கிள் ஓட்டும். விரதம் இல்லாத குடும்பங்களுக்கு இது சைக்கிள் பண்டிகை. அக்கோ நகரத்துல 2008-ல ஒரு அரபு ஆள் யூதர்கள் இருக்கிற தெருவுக்குள்ள கார் ஓட்டிட்டு வந்ததுல ஆரம்பிச்ச கலவரம் நாள்கணக்கா போச்சு. அந்த அமைதி எல்லாருக்கும் ஒரே மாதிரி இனிப்பு இல்ல.

1973 யுத்தம்? அக்டோபர் 6, யோம் கிப்பூர், மதியம் ரெண்டு மணி வாக்கில் எகிப்தும் சிரியாவும் தாக்கினது. அரபு நாடுகள்ல அதுக்கு ரமலான் யுத்தம்னு பேர், அன்னைக்கு ரமலான் 10. ரெண்டு பக்கமும் நோன்பு நாள்ங்கிறது பலருக்கு ஞாபகம் இருக்கிறதில்ல. பாட்டி சொல்வாங்க, வெறும் ரோட்ல ராணுவ வண்டி போறதைப் பார்த்ததும் ஆம்பளைங்க தொழுகைத் துண்டை மடிச்சு வெச்சுட்டுக் கிளம்பினாங்கன்னு.

செம்பூர்க்காரர் சொன்னது சரி. கொங்கணக் கரையோர பெனே இஸ்ரேல் யூதர்கள் இந்த நாளை மராத்தியில கதவடைப்புத் திருநாள்னு சொல்வாங்க. வெள்ளை உடுத்து வீட்டுக்குள்ளயே அடைஞ்சு இருந்தாங்களாம்.

போக்காடு, அதாவது ஜனங்க பாவத்தைச் சுமத்தி அனுப்புற ஆடு, பத்தி ஞாயிறு பள்ளிக்கூடத்துல படிச்சது லேவியராகமம் 16, ஆமா அதுதான் காலை வாசிப்பு. ரெண்டு கடா, சீட்டுப் போட்டு ஒண்ணு பலிக்கு, ஒண்ணு வனாந்தரத்துக்கு. எருசலேம் ஆலயம் கி.பி. 70-ல இடிஞ்சதோட அது நின்னுது. இப்போ அந்தச் சடங்கை வார்த்தையில மட்டும் விவரிச்சு ஜெபிக்கிறாங்க. சாயங்காலம் யோனா புஸ்தகம் வாசிப்பாங்க. நினிவே ஜனங்க மனந்திரும்பி கடவுள் விட்டுட்டார்னதும், யோனா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காருவானே, அது. மன்னிப்புக் கிடைச்சதுக்குக் கோவிச்சுக்கிற தீர்க்கதரிசியை மன்னிப்பு நாள்ல வாசிக்க வெச்சவன் நல்ல குசும்புக்காரன்.

5 அக்டோபர், இரவு

வாட்ஸ்அப் மன்னிப்பை வேஸ்ட்னு எழுதினேனே, அதையே நாலு நாளா யோசிக்கிறேன். அப்படி முழுசா தள்ள முடியலை. பாட்டியோட பேரன் ஒரு வருஷம் அப்படி ஒரு பொது மெசேஜ் அனுப்பினான், மாதுளம்பழத்தோடதான். அவன் பழைய கூட்டாளி ஒருத்தன் உடனே பதில் போட்டான்: "எதுக்கு?" அவ்வளவுதான் மெசேஜ். இவனுக்கு வேர்த்துடுச்சு. எதுக்குன்னு சொல்லணும்ல? ராத்திரி வாசல்ல நடந்துக்கிட்டே வெகு நேரம் போன்ல பேசினான். பொது மெசேஜ் இல்லைன்னா அந்தக் கேள்வியும் வந்திருக்காது. அனுப்புறவன் சோம்பேறியா இருக்கலாம், வாங்குறவன் சோம்பேறியா இருக்கணும்னு இல்லையே.

ஜைனர்களும் வருஷத்துக்கு ஒரு தடவை இதே மாதிரி மன்னிப்பு கேப்பாங்கன்னு சவுகார்பேட்டைத் தம்பி எழுதினதையும் பார்த்தேன். அதுவும் இப்போ வாட்ஸ்அப்லதான் வருதாம்.

8 அக்டோபர்

ரெண்டு மூணு பேர் விடாம கேக்கிறீங்க, பாட்டி மன்னிப்புக் கேக்கப் போன் பண்ணினப்போ அந்தத் தங்கச்சி எடுத்தாங்களான்னு.

முதல் தடவை எடுக்கலை. அடுத்த தடவை மருமகள் எடுத்து, குளிக்கிறாங்கன்னு சொன்னா. "ஒரு மணிக்கூறாயிட்டு குளியா?" (ஒரு மணி நேரமாவா குளியல்?) ன்னு பாட்டி எங்கிட்ட கத்தினாங்க. மூணாவது தடவை, விரதத்துக்கு முந்தின மதியம், தங்கச்சியே எடுத்தாங்க. பாட்டி நேரா "மாப்பு", அதாவது மன்னிப்புன்னாங்க. அந்தப் பக்கம் கல்யாணப் பத்திரிகை விஷயம் முதல்ல இருந்து ஆரம்பிச்சுது. யார் கொண்டு வந்தா, என்ன கிழமை, வாசல்லயே நின்னு கொடுத்தானா உள்ள வந்தானா. பாட்டிக்குக் கோபம் வந்து, மாப்பு கேக்க வந்த இடத்துல இவங்க சண்டை போட்டாங்க. கடைசியில மாங்காய் ஊறுகாய்க்கு வந்து நின்னுது பேச்சு. மன்னிச்சேன்னு அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லலை. இது சட்டப்படி சேருமான்னு பேரன்கிட்ட கேட்டதுக்கு, ஊறுகாய் அனுப்பினாங்கன்னா சேரும்னான்.

ஊறுகாய் வந்துச்சு. உப்பு ஜாஸ்தி, கிட்னி ஆள் தொடக் கூடாது. நான்தான் சாப்பிட்டேன்.

12 அக்டோபர், காலை

அடுத்த வருஷம் இஸ்ரேலுக்கு வேலைக்குப் போற தங்கச்சி ஒருத்தி இந்த இழையில கேட்டிருக்கா, முதல் யோம் கிப்பூருக்கு என்ன பண்ணணும்னு.

2026-ல் செப்டம்பர் 20 ஞாயிறு சாயங்காலம் தொடங்கி 21 ராத்திரி முடியும். முந்தின நாள் மதியத்துக்குள்ள கடை மூடிடும், உனக்கு வேண்டியதை வாங்கி வெச்சுக்கோ. நீ சாப்பிடலாம், யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க, ஆனா அவங்க முன்னாடி காபி மணக்க மணக்கக் குடிக்காதே. மாத்திரை, இன்சுலின், விரதம் விஷயத்துல டாக்டரும் ரபியும் என்ன சொன்னாங்கன்னு மகனையோ மகளையோ எழுதிக் கொடுக்கச் சொல்லு, வாய்வார்த்தை வேண்டாம். ஆம்புலன்ஸ் நம்பர் 101. போன் பண்றது அன்னைக்குத் தப்பாச்சேன்னு தயங்காதே, உயிர் விஷயத்துல அவங்க சட்டமே பண்ணுன்னுதான் சொல்லுது.

விரதம் இருக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் மதியத்துக்கு மேல தலைவலி வரும், பசியால இல்ல, காபி நின்னுபோறதால. ஒரு வாரம் முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா குறைச்சா சரியாயிடும். நானும் ஒரு வருஷம் சும்மா இருந்து பார்த்தேன். பசி தெரியலை, தாகம்தான் கொன்னுது. முடிஞ்சதும் கொம்பு ஊதுவாங்க, ஒரே நீள ஊது. உடனே வீட்ல எல்லாரும் ஒரே நேரத்துல சமையலறைக்கு வருவாங்க, அதனால கட்டன் சாயாவுக்கு (பால் இல்லாத டீ) தண்ணியை முன்னாடியே ஃபிளாஸ்க்ல ஊத்தி வெச்சுடு. பாட்டிக்குச் சர்க்கரை இல்லாம.